பிள்ளையை உடன் வைத்துக்கொள்ள என்ன சம்பளம் வேண்டும்?

வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது பரங்கிப்பேட்டை. ஐரோப்பியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ. அங்கே சேவா மந்திர் என்ற பெண்கள் பள்ளிக்கு 1921 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியவர் காந்தி. பள்ளியைத் தொடங்கியவர் ஆன் மேரி பீட்டர்சன் என்ற டென்மார்க் நாட்டு ஆசிரியை. 1909இல் டேனிஷ் மிஷனரி சங்கத்தின் ஊழியராகத் தமிழகத்துக்கு வந்து, பிறகு மிஷனிலிருந்து விலகித் தன் வழியில் நின்றவர். காந்தியர்களின் நினைவில் அவருக்கு ஓரளவு இடம் உண்டு. அவருடைய தோழியும் சக ஊழியருமான எஸ்தர் ஃபேரிங்கை அந்த அளவுக்கு யாரும் நினைப்பதில்லை. இந்தக் கட்டுரைக்கு வேண்டியவர் எஸ்தர்தான். பணிக்கு வந்த நாட்டில் கைக்குழந்தைகளோடு வேலையும் பார்த்த பெண் அவர்.

எஸ்தரும் அதே மிஷனில் கல்விப் பணிக்காக வந்தவர். 1917 தொடக்கத்தில் பீட்டர்சனும் அவரும் சபர்மதி ஆசிரமத்துக்குப் போய்வந்தார்கள். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து காந்திக்கும் எஸ்தருக்கும் இடையே பல ஆண்டுகள் நீடித்தது. காந்தி எழுதிய கடிதங்களை ஆலிஸ் பார்ன்ஸ் தொகுக்க, நவஜீவன் நிறுவனம் 1956இல் நூலாக வெளியிட்டது. மிஷன் தலைவர்களுக்கு இந்த நட்பு பிடிக்கவில்லை. உலகப் போர்க் காலத்து அரசுக்கும் பிடிக்கவில்லை. எஸ்தர் மிஷனை விட்டு வெளியேறினார். இ.கே. மேனன் என்ற இந்தியரை மணந்துகொண்டார். இரண்டு பெண் குழந்தைகள். இளையவளைத் ‘தங்கை’ என்றே அழைத்தார்கள். காந்தியின் கடிதங்களிலும் அவள் தங்கைதான். பரங்கிப்பேட்டை முகவரிக்குப் போன அந்தக் கடிதங்களில் எஸ்தரின் உடல்நலம் பற்றிய விசாரிப்பு ஓயாமல் வருகிறது. முடிவில் பிள்ளைகளுக்கு அன்பும் முத்தமும் போகும்.

அந்தக் காலத்து மிஷன் ஒழுங்கில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணுக்கு இரண்டு இருக்கைகள்தான் இருந்தன. கன்னியாக இருந்தால் சம்பளம் வாங்கும் ஊழியர். மணமானால் ஊழியரின் மனைவி. வேலை குறையாது, ஆனால் அவள் பெயரில் சம்பளம் இராது. எஸ்தர் இரண்டு இருக்கையையும் விட்டு எழுந்தவர். இந்தியனை மணந்ததால் பங்களா வட்டாரத்தின் ஆதரவும் இல்லை. இப்படி ஒரு தாய்க்குப் பக்கத்துணையாக இருந்தது இன்னொரு பெண் கட்டிய பள்ளி. அதன் வளாகத்தில் ஆசிரியைகளும் மாணவிகளும் நிறைந்திருந்தார்கள். அதை வீரக்கதையாக எழுத எனக்கு விருப்பமில்லை. தாய் வேலை பார்க்கும் இடமும் பிள்ளை வளரும் இடமும் ஒன்றாக இருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது என்பதற்கு இது ஒரு சாட்சி. அவ்வளவே.

எஸ்தருக்கு வாய்த்தது அக்கால வழக்கத்துக்கு விலக்கு. கடலூரின் புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் மராத்தியரிடமிருந்து வாங்கிய 1690 முதல் இந்தக் கரையில் ஐரோப்பியக் குடும்பங்கள் இருந்திருக்கின்றன. அவர்களின் பெரிய கவலை பிள்ளைகள்தான். வாந்திபேதி ஒரு பயம். உள்ளூர்ப் பேச்சும் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும் என்பது இன்னொரு பயம். அதனால் ஐந்து, ஆறு வயதானதும் கப்பலேற்றி அனுப்பிவிடுவார்கள். பம்பாயில் 1865இல் பிறந்த எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கை 1871இல் தங்கையோடு இங்கிலாந்தில் முன்பின் தெரியாத வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் திரும்பினார்கள். அந்த வீட்டில் பட்ட பாட்டை அவர் கடைசிவரை மறக்கவில்லை. தென்னிந்தியாவில் மிஷனரிகள் கொஞ்சம் நல்ல வழி கண்டார்கள்: 1901இல் கொடைக்கானலில் தங்கள் பிள்ளைகளுக்கென்று ஒரு உறைவிடப் பள்ளி. கடல் தாண்டிய பிரிவு மலையேறும் தொலைவாகச் சுருங்கியது.

சீனத்திலும் இதே கதை. எழுத்தாளர் பேர்ல் பக்கின் தாய் கேரி சைடன்ஸ்டிரிக்கர் யாங்சி ஆற்றங்கரையில் இருக்கும் ஜென்ஜியாங் நகரில் மிஷனரியின் மனைவியாக வாழ்ந்தவர். ஏழு பிள்ளைகளில் நால்வர் சிறு வயதிலேயே இறந்தார்கள். கணவர் ஊர் ஊராகப் பிரசங்கத்துக்குப் போக, வீட்டையும் பிள்ளைகளையும் நோயையும் தனியாகத் தாங்கியவர் கேரி. மகள் 1936இல் தாயைப் பற்றி எழுதிய நூலின் பெயரே ‘நாடு கடத்தப்பட்டவள்’ என்று பொருள்படும். இரண்டாண்டு கழித்து அந்த மகளுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பேர்ல் பக்கும் நான்ஜிங்கில் கல்லூரிப் பாடம் நடத்திக்கொண்டே வளர்ச்சி குன்றிய மகளை வளர்த்தவர். அவருக்கு ஆங்கிலத்துக்கு முன் சீன மொழி வாயில் வந்ததற்குக் காரணம், அவரைத் தூக்கி வளர்த்த சீனச் செவிலித்தாய்.

அந்தச் செவிலித்தாய் இல்லாமல் இந்த வரலாற்றில் ஒரு பக்கமும் நகராது. நம் பக்கத்தில் அவள் ஆயா. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலிருந்து மதராஸ் ஆயாக்களுக்கு வெள்ளைக்காரக் குடும்பங்களிடையே தனி மதிப்பு. துரைசானி ஊர் திரும்பும்போது கப்பலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாவையும் கூட்டிப் போவார்கள். லண்டனில் இறங்கியதும் வேலை முடிந்தது என்று திரும்பும் பயணத்துக்குக் காசுகூடக் கொடுக்காமல் விட்டவர்கள் உண்டு. அப்படி நிர்க்கதியான ஆயாக்களுக்காக லண்டன் ஹேக்னி பகுதியில் ஒரு விடுதியே நடந்தது. அந்தக் கட்டடத்துக்கு 2022இல் நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். அந்த ஆயாக்களில் எத்தனை பேருக்குச் சொந்தப் பிள்ளை ஊரில் இருந்தது, அதை யார் வளர்த்தார்கள் என்று எந்தத் துரைசானியின் நாட்குறிப்பும் கவலைப்பட்டதில்லை. கடல் கடந்து வேலைக்குப் போன முதல் தமிழ்த் தாய்மாரின் பட்டியலை யாராவது எழுதினால், பொறியாளருக்கும் செவிலியருக்கும் முன்னால் இந்த ஆயாக்கள் பெயர் வர வேண்டும்.

இப்போது காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. இந்தக் கரையிலிருந்து பெண்கள் வெளியே போகிறார்கள்.

ஆண்கள் போவது பழைய கதை. பரங்கிப்பேட்டை மரைக்காயர் குடும்பங்களில் மலாயா, சிங்கப்பூர் என்று தலைமுறை தலைமுறையாகப் போயிருக்கிறார்கள், பிறகு வளைகுடா. அப்பா இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், பெட்டியைத் திறப்பார், இரண்டு மாதம் இருப்பார், போய்விடுவார். பிள்ளைகள் அம்மாவிடம் வளர்ந்தார்கள். இதை யாரும் சமூகப் பிரச்சினை என்று சொன்னதில்லை. அம்மா போகும்போதுதான் தெரு பேசுகிறது: “பச்சப் புள்ளைய விட்டுட்டுப் போயிட்டாளே, மனசு எப்படித்தான் வந்துச்சோ!” இந்த வாக்கியத்தை ஆணைப் பற்றி நான் இதுவரை கேட்டதில்லை. 2015இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வின்படி வெளிநாட்டில் இருந்த தமிழ்நாட்டவர் சுமார் 22 லட்சம். அவர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவர் பெண். எண்ணிக்கையில் சிறுபான்மை என்பதால் திட்டங்களிலும் அவர்கள் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள்.

இந்தப் பெண்களை ஒரே கூட்டமாகப் பார்க்க முடியாது. சிதம்பரத்தில் பொறியியலோ செவிலியமோ படித்து, சிங்கப்பூருக்கோ ஷாங்காய்க்கோ போகிறவர் ஒரு வகை. குவைத்துக்கோ ஓமானுக்கோ ‘கத்தாமா’ வேலைக்கு, அதாவது வீட்டு வேலைக்கு, போகிறவர் இன்னொரு வகை. கடிகாரமே இருவரையும் இரண்டு பக்கம் நிறுத்துகிறது. சிங்கப்பூரும் சீனமும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகின்றன. குவைத் இரண்டரை மணி நேரம் பின்னே. சிங்கப்பூரில் மாலை ஏழு மணிக்கு அலுவலகம் முடித்து ரயிலில் ஏறுகிற பெண் ஊருக்கு அழைத்தால் இங்கே நாலரை. பள்ளி விட்டு வந்த பிள்ளை சீருடையோடு போனைப் பிடுங்கும். குவைத்தில் கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து, வீட்டார் படுத்தபின் பதினொரு மணிக்கு அழைக்கிற பெண்ணுக்கு இங்கே நள்ளிரவு ஒன்றரை. பிள்ளை தூங்கிவிட்டது. பாட்டி போனைத் திருப்பி, தூங்குகிற முகத்தைக் காட்டுவாள். வெள்ளிக்கிழமை விடுப்பு தருகிற வீடாக இருந்தால் அன்றைக்குத்தான் பேச்சு.

முதல் வகைப் பெண்ணின் கதையை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் என்ற வேலை அனுமதி வைத்திருப்பவர் கணவரையோ பிள்ளையையோ உடன் வைத்துக்கொள்ள மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் வெள்ளி இருக்க வேண்டும். நம் பணத்தில் சுமார் நாலு லட்ச ரூபாய். பெற்றோரை நீண்ட காலத்துக்கு அழைத்து வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் 12,000 வெள்ளி. மென்பொருள் வேலையில் அனுபவம் உள்ளவருக்கு முதல் எண் எட்டும். இரண்டாவது பலருக்கு எட்டாது. எஸ் பாஸில் போகிற செவிலியருக்கு முதல் எண்ணே கனவு. ஒரே மருத்துவமனையில், ஒரே வார்டில், மருத்துவரின் பிள்ளை மாலையில் வந்து அம்மாவோடு வீட்டுக்குப் போகும். செவிலியரின் பிள்ளை புவனகிரியிலோ சேத்தியாத்தோப்பிலோ பாட்டி வீட்டில் இருக்கும். இருவரும் தாய்மார்கள்தான். சட்டம் பார்ப்பது சம்பளச் சீட்டை.

பேறுகால விடுப்பிலும் நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. இந்தியாவில் 2017 திருத்தத்துக்குப் பிறகு முறைசார்ந்த துறையில் 26 வாரம். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம். சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தை அந்நாட்டுக் குடிமகனாக இருந்தால் தாய்க்கு 16 வாரம். இல்லையென்றால் 12 வாரம், அதிலும் சம்பளம் கட்டாயம் கிடைப்பது எட்டு வாரத்துக்கு. ஐக்கிய அமீரகத்தின் தனியார் துறையில் 60 நாள், அதில் கடைசி 15 நாளுக்குப் பாதிச் சம்பளம். சீனத்தில் நாடு முழுக்கக் குறைந்தபட்சம் 98 நாள். மாகாணங்கள் மேலும் சேர்த்துக் கொடுக்கின்றன. ஆக, அரசு வேலையை உதறிவிட்டு வெளிநாடு போகும் ஒரு செவிலியர் சம்பளத்தில் பெறுவதைப் பிள்ளையின் முதல் ஆண்டில் இழக்கிறார். ஊரில் யாரும் இதைக் கூட்டிக் கழித்துச் சொல்வதில்லை.

விடுப்பு முடிந்தபின் என்ன? இங்கேதான் பாட்டிகளின் அஞ்சலோட்டம் தொடங்குகிறது. முதலில் பெண்ணின் அம்மா போவாள். சுற்றுலா விசாவில் சிங்கப்பூரில் முதலில் ஒரு மாதம். நீட்டித்தால் மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவள் திரும்பும் வாரத்தில் மாமியார் விமானம் ஏறுவார். பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று கடலூர் மாவட்டத்தில் எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். பிரசவ லேகியம், சுக்கு, பனங்கற்கண்டு, உரசிக் கொடுக்க மாசிக்காய், ஜாதிக்காய், கடுக்காய். அவற்றை உரசுவதற்குச் சின்னக் கல். பழம்புடவையைக் கிழித்து மடித்த துணிகள். தூளி கட்ட ஒரு வாயில் புடவை, அங்கே கூரையில் கொக்கி கிடையாது என்று மருமகன் போனில் சொன்ன பிறகும். அறுபது வயதில் இருபதாவது மாடியில் பகல் முழுக்க ஒரு குழந்தையோடு தனித்திருக்கும் இந்தப் பெண்களின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அவர்கள் சுற்றுலாப் பயணிகள் என்று குடிநுழைவுப் பதிவு சொல்கிறது.

பாட்டிகளின் வரிசை தீர்ந்தால் வீட்டுப் பணிப்பெண். சிங்கப்பூரில் வெளிநாட்டுப் பணிப்பெண்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மியன்மார், இந்தியா எனப் பல நாட்டவர். அவர்களுடைய ஒர்க் பெர்மிட்டில் குடும்பத்தை அழைக்கும் உரிமையே இல்லை. எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவச் சோதனை, அதில் கர்ப்பச் சோதனையும் உண்டு. கர்ப்பம் என்றால் பெர்மிட் ரத்து. சிதம்பரத்துப் பொறியாளரின் குழந்தையை இடுப்பில் வைத்துச் சோறூட்டும் பெண்ணின் குழந்தை ஜாவாவிலோ மணிலாவுக்கு வெளியிலோ அவளுடைய அக்கா கையில் வளர்கிறது. அந்த அக்காவின் நாள் எப்படிக் கழிகிறது என்பது இன்னொரு கதை. சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷைல்டு 2000த்தில் இதைப் பராமரிப்புச் சங்கிலி என்று குறித்தார். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் சம்பளம் குறைந்துகொண்டே போகும். கடைசிக் கண்ணியில் சம்பளமே இல்லாத ஒரு பாட்டியோ அக்காவோ நிற்பாள்.

சீனத்தில் அந்தச் சங்கிலி ஒரே நாட்டுக்குள் முடிந்துவிடுகிறது. ஷாங்காயில் வேலை பார்க்கும் இந்தியத் தாய்க்கு வீட்டில் உதவ வருபவள் ‘ஆயி’. சின்னம்மா என்பது போன்ற விளி. பெரும்பாலும் அன்ஹுய் போன்ற உள்நாட்டு மாகாணத்துக் கிராமத்துப் பெண். அவளுக்குக் கடவுச்சீட்டோ விசாவோ வேண்டாம். ஆனால் ‘ஹூகோ’ என்ற குடும்பப் பதிவு முறை அவள் பிள்ளையைக் கிராமத்தோடு கட்டி வைத்திருக்கிறது. நகரத்து அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது கடினம். கல்லூரி நுழைவுத் தேர்வைப் பதிவு உள்ள ஊரில்தான் எழுத வேண்டும் என்பது பொது விதி. அதனால் பிள்ளை தாத்தா பாட்டியிடம். அனைத்துச் சீனப் பெண்கள் கூட்டமைப்பு 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து, இப்படி ஊரில் விடப்பட்ட கிராமப்புறக் குழந்தைகள் 6.1 கோடி என்று 2013இல் மதிப்பிட்டது. 2016இல் அரசு வெளியிட்ட எண் 90 லட்சம். மூன்றே ஆண்டில் ஐந்து கோடிப் பிள்ளைகளுக்குத் தாய் தந்தை திரும்பி வந்துவிடவில்லை. வரையறை மாறியது. பெற்றோரில் ஒருவர் வெளியே போயிருந்தாலே போதும் என்றிருந்ததை, இருவரும் போயிருக்க வேண்டும், அல்லது ஊரில் இருப்பவர் பார்த்துக்கொள்ளும் நிலையில் இல்லாதிருக்க வேண்டும் என்று குறுக்கினார்கள். புள்ளிவிவரத்தைக் குறைப்பதற்கு இது நம் ஊர் அதிகாரிகளுக்கும் பழக்கமான வழிதான்.

சீனத்தில் வேலை பார்த்த இந்தியக் குடும்பங்களுக்கும் பிரிவு என்னவென்று 2020 கற்றுக்கொடுத்தது. அவ்வாண்டு மார்ச் 28 முதல், செல்லத்தக்க விசா வைத்திருந்த வெளிநாட்டவரும் உள்ளே வர முடியாது என்று சீனம் கதவைச் சாத்தியது. சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு ஊர் வந்தவர்கள் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். கணவன் குவாங்சோவில், மனைவியும் பிள்ளையும் இந்தியாவில் என்றோ, வேலை அங்கே ஆள் இங்கே என்றோ இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடியது. 2022 நடுவில்தான் பணியாளர்களுக்கும் குடும்பத்தாருக்கும் விசா வழி மெல்லத் திறந்தது. நேரடி விமானம் மறுபடி பறக்க 2025 அக்டோபர் ஆயிற்று. நல்ல சம்பளமும் உயர்ந்த பதவியும் உள்ளவர்கள் அந்த இரண்டு ஆண்டில் அனுபவித்தது, வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் வருவோம். கடலூர் மாவட்டத்தின் பண்ணுருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைப்பது பெண்களின் வேலை. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு விரல் நுனித் தோல் கறுத்து உரியும். சாம்பலைத் தடவிக்கொண்டு உடைப்பார்கள். கூலி, உடைத்த பருப்பின் எடைக்கு. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் இந்த முந்திரிக் காடுகளையும் பலாத் தோப்புகளையும் அடியோடு சாய்த்தது. கன்று வைத்துக் காய்க்க ஆண்டுகள் ஆகும். வட்டி அதுவரை காத்திருக்காது. இப்படிப்பட்ட நிலத்தில்தான் ஏஜெண்ட் வந்து உட்காருகிறான்.

இந்தியச் சட்டம் இந்தப் பெண்ணைப் பார்க்கும் பார்வை வினோதமானது. 1983 குடியகல்வுச் சட்டத்தின் கீழ் 18 நாடுகளுக்குப் போகிற, பத்தாம் வகுப்பு முடிக்காத தொழிலாளருக்குக் குடியகல்வு அனுமதி வேண்டும். வீட்டு வேலைக்குப் போகிற பெண் என்றால் முப்பது வயது நிரம்பியிருக்க வேண்டும். ஆள் சேர்ப்பும் அரசு நிறுவனங்கள் வழியாக மட்டும். தமிழ்நாட்டில் அது 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். முப்பது வயது விதியின் நோக்கம் பாதுகாப்பு. ஆனால் கிராமத்தில் இருபதில் மணமாகி, இருபத்தைந்தில் இரண்டு பிள்ளையும் தலைக்கு மேல் கடனுமாக நிற்பவளுக்கு விதி சொல்வது “இன்னும் ஐந்து வருடம் பொறு” என்பதைத்தான். அவள் பொறுப்பதில்லை. சுற்றிப் பார்க்கும் விசாவில் துபாய் இறங்கி, அங்கிருந்து வேறு நாட்டுக்கு மாற்றப்படுகிறாள். அனுமதிப் பதிவேட்டில் அவள் பெயர் இருக்காது. சம்பளம் நின்றாலும், அடி விழுந்தாலும், தூதரகத்தின் கோப்பில் அப்படி ஒருவர் புறப்பட்டதாகவே தகவல் இல்லை.

இலங்கை இதைவிட நேராகத் தாயின் மீதே கை வைத்தது. 2013இல் ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ என்று ஒரு சுற்றறிக்கை. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை உள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக் கூடாது. பெரிய பிள்ளைகள் இருந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அதிகாரியிடம் காட்ட வேண்டும். தந்தைக்கு இப்படி ஓர் அறிக்கை கேட்கப்படவில்லை. மலையகத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் போகிற தமிழ், முஸ்லிம் பெண்களுக்கு இது அறிக்கை எழுதித்தரும் இடைத்தரகனுக்குக் கொடுக்கும் கூடுதல் செலவாக முடிந்தது. 2022இல் பொருளாதாரம் சரிந்து அந்நியச் செலாவணி தேவைப்பட்டபோது, ஐந்து வயது வரம்பு இரண்டாகக் குறைந்தது. பிள்ளையின் நலன் கருதிப் போட்ட வரம்பு, நாட்டின் டாலர் கையிருப்பைக் கருதி இறங்கியது. கொள்கை வகுப்பவர்கள் மனதில் எது முன்னே நிற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பிரிவு பிள்ளையை என்ன செய்கிறது? லான்செட் இதழ் 2018இல் ஒரு பெரிய தொகுப்பாய்வை வெளியிட்டது. 111 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பெற்றோர் வேலைக்கு வெளியே போன பிள்ளைகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகத் தெரிந்தன. அனுப்பிய பணத்தால் உடல்நலத்தில் தெளிவான ஆதாயம் எதுவும் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு “பார்த்தீர்களா, சொன்னேனே” என்று தாயைக் கைகாட்டுவது சுலபம். அவசரப்பட வேண்டாம். 111இல் 91 ஆய்வுகள் சீனாவின் உள்நாட்டு இடப்பெயர்வைப் பற்றியவை. இன்னொரு புறம், தென்கிழக்கு ஆசிய நாடுகளில் நடந்த ஆய்வுகளில் முடிவுகள் நாட்டுக்கு நாடு மாறின. வீட்டில் மிஞ்சியிருப்பவர் யார், அவருடைய மனநிலை எப்படி, பேச்சு எவ்வளவு தொடர்கிறது, கடன் அடைந்ததா பெருகியதா என்பவை தாய் போனாளா தந்தை போனாரா என்பதைக் காட்டிலும் கனமாக வந்து விழுகின்றன. வீட்டில் இருக்கும் அப்பா டாஸ்மாக்கிலிருந்து எத்தனை மணிக்குத் திரும்புகிறார் என்பதையும் நம் ஊர் ஆய்வாளர்கள் ஒரு மாறியாகச் சேர்த்துக்கொள்ளலாம். நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

ஆக, இந்தப் பாரம் கடைசியில் இறங்குவது பாட்டியின் தோளில். சிங்கப்பூர்ப் பாட்டியாவது மூன்று மாதத்தில் திரும்பிவிடுவாள். கத்தாமா வேலைக்குப் போனவளின் தாய்க்குத் திரும்புதல் இல்லை. ஐம்பத்தைந்து வயதில் மறுபடியும் தாய். காய்ச்சல் அடித்தால் ஊசி போடக் கையெழுத்து, பள்ளியில் சேர்க்க ஆதார், உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு, எல்லாவற்றுக்கும் “அம்மா எங்கே, அப்பா எங்கே” என்று கேட்கிறார்கள். ரேகை வைக்கும் பாட்டிக்குச் சட்டப்படி பாதுகாவலர் என்ற தகுதி இல்லை. அதற்கு நீதிமன்றம் போக வேண்டும். பக்கத்தில் அங்கன்வாடி இருக்கிறது. அது 1975இல் தொடங்கிய திட்டத்தின் பெரும் கொடை, சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே நாள் முழுக்க விட முடியாது. தாய் புறப்படும்போது இடுப்பில் இருந்த ஒரு வயதுக் குழந்தைக்கு அங்கே பகல் பராமரிப்பும் இல்லை. பாட்டி அரசின் ஊரக வேலைத் திட்டத்துக்குப் போனால் அதையும் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் தூளி கட்ட வேண்டும்.

அயலகத் தமிழர் நலனுக்கென்று தமிழ்நாட்டில் துறை இருக்கிறது, வாரியம் இருக்கிறது, ஜனவரி 12 அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. மேடையில் முதலீட்டாளர்களும் சாதனையாளர்களும் வருகிறார்கள், வரட்டும். அந்த வாரியத்திடம் கேட்பதற்கு மூன்று காரியங்கள் உண்டு, மூன்றும் பெரிய பணம் கேட்பவை அல்ல. வெளிநாட்டில் வேலை பார்ப்பவரின் பிள்ளை யாரிடம் வளர்கிறது என்பதை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். எண்ணாமல் எதையும் திட்டமிட முடியாது. புறப்படும் தாயோ தந்தையோ எழுதிக் கொடுக்கும் ஓர் எளிய அதிகாரப் பத்திரத்தை வைத்து மருத்துவமனையும் பள்ளியும் வங்கியும் பாட்டியை ஏற்க அரசாணை வேண்டும். கடலூர் மாதிரி மாவட்டங்களில் அங்கன்வாடியோடு சேர்ந்த முழுநாள் குழந்தைகள் காப்பகம் வேண்டும். வெளிநாடு போனவளின் பிள்ளைக்கு மட்டுமல்ல, முந்திரி உடைக்கிறவளின் பிள்ளைக்கும். இந்த மூன்றாவது இருந்தால் வீட்டு வேலைக்காக வெளிநாடு போகும் பயணத்தையே சில பெண்கள் யோசித்து முடிவு செய்வார்கள். வாரியத்தின் அடுத்த கூட்டத்தில் இதை யாராவது எழுப்ப வேண்டும். வாரியத்தில் வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பிய ஒரு தாய்க்கும் இடம் கொடுத்தால், எழுப்புவதற்கு வேறு ஆள் தேட வேண்டியதில்லை.